பக்கம் இருநூற்றுப் பதினான்கு

இரண்டு மணிக்கு உறையைக் கிழித்துக் கேள்வித்தாளைக் கொடுத்தாயிற்று, இனி ஐந்து வரை நடக்க வேண்டியதுதான், ஜன்னலோரம் ஒரு தடவை, நடுவில் ஒரு தடவை, கதவோரம் ஒரு தடவை, இருபத்தைந்து தலைகள், முதல் அரை மணிக்கு ஒருத்தரும் நிமிரப் போவதில்லை, மேலே நாலு மின்விசிறியில் ஒன்று சுற்றவில்லை, சித்திரை வெயில் ஜன்னல் கம்பியைத் தொட முடியாதபடி ஏறிவிட்டது, நானும் மேசைப் பக்கம் பார்க்கக் கூடாது பார்க்கக் கூடாது என்று மூன்று சுற்று போய்விட்டு நாலாவது சுற்றில் பார்த்துவிட்டேன். அடிஷனல் ஷீட் கட்டுக்கு அடியில் இருக்கிறது. இன்னும் அச்சாகாத புத்தகம், சுருள் கம்பி போட்ட நானூற்று முப்பத்தோரு பக்கம். பரீட்சை அறைக்குள் புத்தகம் கூடாது என்று பிள்ளைகளிடம் சொல்லுகிற நானே கொண்டுவந்திருக்கிறேன், துறை அறையில் விட்டுவிட்டு வர மனசு வரவில்லை, யாராவது எடுத்துப் புரட்டி நல்லாயிருக்கே மேடம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வேன். ரேடியோ அலைவரிசை சிந்தசைசர் வடிவமைப்பு. கீழே பெயர், எஸ். சேஷகிரி. பெயருக்குக் கீழே, ஓய்வு பெற்ற தலைமை வடிவமைப்புப் பொறியாளர். பத்தொன்பது வருஷமாக அந்தப் பெயரை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. பதினோரு நாளாக அது என் பையில் என் சாப்பாட்டு டப்பாவோடு ஒட்டிக்கொண்டு வருகிறது, முதல் பக்கத்தில் எண்ணெய்க்கறை விழுந்துவிட்டது, விழட்டும்.

ஒரு பக்கத்துப் படிவம்தான் நிரப்ப வேண்டியது. இந்நூல் பொறியியல் மாணவர்களுக்குப் பயன்படுமா, ஆம், இல்லை, காரணம் கூறுக. பதிப்பகத்து எடிட்டர் நிகார் மதியம் சாப்பிடும்போது கூப்பிட்டாள். "மேடம், இன்னைக்கு ஆறு மணிக்குள்ள அனுப்பிடுவீங்கல்ல? இதுக்கு மேல தள்ள முடியாது மேடம், உங்க ஒருத்தரோடதுதான் பாக்கி." அனுப்பிவிடுகிறேன் என்றேன். என் பெயர் எப்படிக் கிடைத்தது என்று கேட்டிருக்கக் கூடாது, கேட்டுவிட்டேன். "ஆசிரியர்தான் மேடம் குடுத்தார். அவரோட வேலை பார்த்தவங்கன்னு பதினோரு பேர் லிஸ்ட் குடுத்தார். இப்ப இந்த சப்ஜெக்ட் நடத்துறவங்க நீங்க ஒருத்தர்தான்." அதற்குப் பிறகு டப்பாவை மூடி வைத்துவிட்டேன். அவர்தான் கொடுத்தாரா. மன்னிப்புக் கேட்கிற விதமா இது, இல்லை கேலியா, இவள் என்ன எழுதிவிடப் போகிறாள் என்கிற தைரியமா. இது எதுவும் இல்லாமல் இன்னொன்றும் இருக்கிறதே, அவருக்கு ஞாபகமே இல்லாமல் இருக்கலாம். டைரியைப் புரட்டிப் பதினோரு பேரை எழுதியிருப்பார், ஏழாவதோ எட்டாவதோ அம்சவேணி, யாரிவள், நம் கம்பெனியில் இருந்த பெண்தானே, போடு. என்னைத் துரத்தியதையே மறந்து என்னிடம் சான்றிதழ் கேட்கிறார். "மேம்." முதல் ஷீட் கேட்கிறாள் ஒருத்தி, அதற்குள்ளாகவா, கொடுத்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறேன்.

புத்தகம் மோசமாக இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். நான் அப்படித்தான் நினைத்துக்கொண்டு பிரித்தேன், சிவப்புப் பேனாவை மூடி கழற்றி வைத்துக்கொண்டு, என் கணவர் கருணாகரன் கூடக் கேட்டார், "என்ன வேணி, பேப்பர் திருத்துறியா, முகமெல்லாம் இப்படி இருக்கு?" ஆமாம் என்றேன். முதல் அத்தியாயத்தில் ஒரு எழுத்துப்பிழை. இரண்டாவதில் அதுவும் இல்லை. மூன்றாவதை இரண்டு தடவை படித்தேன், படித்துவிட்டுப் பேனாவை மூடினேன். வகுப்பில் நான் ஒரு வாரம் தொண்டை வற்றச் சொல்வதை அந்த மனிதர் ஒன்பது பக்கத்தில் சொல்லியிருக்கிறார். ரேடியோப் பெட்டிக்குள் ஒரு கிரிஸ்டல் உண்டு, ஒரே சீராகத் துடிக்கும், அதற்கு வேறொன்றும் தெரியாது. இன்னொன்று ஆசிலேட்டர், எந்த அலைவரிசைக்கும் போகும், எதிலும் நிற்காது. நிற்காததை நிற்பதோடு ஒப்பிட்டு ஒப்பிட்டு, கொஞ்சம் வோல்ட் கூட்டி, கொஞ்சம் குறைத்து, வேண்டிய இடத்தில் பிடித்து நிறுத்துகிற சுற்றுதான் சிந்தசைசர். இந்தச் சுற்றுக்கு லூப் என்று பெயர், பிடித்துவிட்டால் லாக் ஆகிவிட்டது என்போம். பிடிக்க வோல்ட் போதவில்லையானால் லாக் ஆகாது, லாக் ஆகாத பெட்டியிலிருந்து நாம் பேசுவது வெளியே போகாது, பெட்டி சும்மா இரையும். இவ்வளவுதான் விஷயம். இதை அவர் சாக்குக்கட்டியோடு நின்று சொன்னால் கேட்டுக்கொண்டே இருக்கலாம், எனக்கு அப்போது முப்பத்திரண்டு வயது, சாயங்காலம் எங்கள் குழுவில் ஆறு பேரையும் உட்காரவைத்துச் சொல்வார், சட்டைக் கையெல்லாம் சுண்ணாம்பு, நான் நோட்டில் எழுதிக்கொண்டே இருப்பேன். இந்த ஆளைப் போல ஆக வேண்டும் என்று நினைத்தவள்தானே நீ. நினைத்தேன். அதற்காகவும் சேர்த்துத்தான் அவர் அனுபவிக்க வேண்டும்.

ஏழாவது அத்தியாயம். மின்கலம் இறங்கும்போது சிந்தசைசரை லாக் இழக்காமல் வைத்திருக்கும் முறை, இந்நூலாசிரியர் உருவாக்கியது. உருவாக்கியது. எட்டு மாதம் நான் உட்கார்ந்து உருவாக்கியது, மீன்பிடி படகுகளுக்கான ரேடியோப் பெட்டிக்காக, கம்பெனியின் மாடியில், காற்றே வராத அந்த மூலையில், என் நோட்டில், என் பென்சிலால். முதலில் சந்தேகம்தான் வந்தது. இரண்டாவது பக்கத்தில் ஒரு கட்டம் போட்டு, அதற்குள், லூப்பை அவசரப்படுத்தாதே, அது வந்து சேரும், என்று இருந்தது. எனக்கு நானே எழுதிக்கொண்ட வரி அது. அன்றைக்கு மூன்று தடவை சுற்று கருகிப்போய் அழுகை வந்து, நோட்டின் ஓரத்தில் எழுதினேன். அழுகையைக் கூட எடுத்துக்கொண்டு போய்க் கட்டம் போட்டிருக்கிறார். அதைப் படித்தபோது வீட்டில் குக்கர் கத்திக்கொண்டிருந்தது, எத்தனை விசில் என்று தெரியவில்லை, பருப்பு அடிபிடித்த நாற்றம் வந்த பிறகுதான் எழுந்தேன். வேண்டாம், அந்த அத்தியாயத்துக்கு இப்போது போக வேண்டாம், கடைசி பெஞ்சில் ஒருவன் பக்கத்துத் தாளைப் பார்க்கிறான், அவன் அருகில் போய் நின்றால் போதும், எதுவும் சொல்ல வேண்டாம். நிற்கிறேன். அவன் காது சிவக்கிறது. இப்படித்தான் சேஷகிரியின் நாற்காலிக்குப் பின்னால் போய் நிற்க வேண்டும், எதுவும் பேசாமல், புத்தக வெளியீட்டு விழா, பொன்னாடை, வந்தவர்களெல்லாம் புகழ்ந்து முடிக்கட்டும், மூன்றாவது வரிசையிலிருந்து நான் எழுந்து, சார் ஒரு சின்னக் கழித்தல் கணக்கு என்று கேட்க வேண்டும், மேடையில் அவர் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு இருநூற்றுப் பதினான்காம் பக்கத்தைப் புரட்டுவார், புரட்டட்டும், சபை முழுவதும் காத்திருக்கட்டும்.

கழித்தல் கணக்கு. அங்கேதான் வந்து நிற்கும் எப்போதும், எந்தப் பக்கம் சுற்றிப் போனாலும். படகு பேட்டரி எவ்வளவு இறங்கினாலும் பதினொன்று புள்ளி ஒன்று வோல்ட் இருக்கும் என்று வைத்துக்கொண்டோம். பெட்டியின் மற்ற பாகங்கள் ஏழு புள்ளி நான்கை எடுத்துக்கொள்ளும். மிச்சம்தான் ஆசிலேட்டரைப் பிடித்து இழுக்க. ஆபத்து நேரத்தில் கூப்பிடுகிற சேனலுக்கு நாலு வோல்ட் வேண்டும். பதினொன்று புள்ளி ஒன்றில் ஏழு புள்ளி நான்கு போனால் மூன்று புள்ளி ஏழு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளை சொல்லும், நான் நாலு புள்ளி ஏழு என்று எழுதினேன், இருநூற்றுப் பதினான்காம் பக்கத்திலும் அதேதான் இருக்கிறது. கடன் வாங்கினேன், வாங்கியதைக் குறைக்க மறந்தேன். இல்லாத ஒரு வோல்ட்டை நம்பி மிச்ச எல்லாவற்றையும் சரியாகச் செய்தேன். மேசைமேல் வைத்துப் பார்த்தபோது பேட்டரி புதுசு, பன்னிரண்டரை வோல்ட், பெட்டி மணி மாதிரி பேசியது, எல்லோரும் கைதட்டினார்கள், சேஷகிரி எல்லோருக்கும் ரவா லட்டு வாங்கி வரச் சொன்னார். காசிமேட்டில் ஒரு படகில் மாட்டினோம். அந்தப் படகு கடலுக்குள் போய் என்ஜின் நின்றது. நாலு பேர். முதல் நாள் அவர்கள் கூப்பிடவில்லை, என்ஜினைச் சரிபண்ணிவிடலாம் என்று பார்த்திருக்கிறார்கள், விளக்கும் எரிந்துகொண்டிருந்திருக்கிறது, பேட்டரி இறங்கிவிட்டது. இரண்டாம் நாள் கூப்பிட்டார்கள். மூன்றாம் நாள் ஒரு ஆந்திரப் படகு தற்செயலாகப் பார்த்துக் கட்டி இழுத்து வந்தது.

காலடிச் சத்தம், கதவில் நிழல், பறக்கும் படை, நான் கடைசி வரிசையில் நிற்கிறேன், மேசை அங்கே இருக்கிறது. நரைத்த மீசைக்காரர் ஒருவர், கழுத்தில் அட்டை, நேரே மேசைக்குப் போய் அடிஷனல் ஷீட் எண்ணுவதற்காகக் கட்டைத் தூக்கிவிட்டார். "இது என்ன மேடம்?" ஓட்டமும் நடையுமாக வருகிறேன், இருபத்தைந்து தலையும் நிமிர்ந்துவிட்டது. "ரிவ்யூவுக்கு வந்தது சார். வச்சுட்டு வர மறந்துட்டேன்." "ஹாலுக்குள்ள புக் இருக்கக் கூடாதுன்னு தெரியும்ல. இதே பசங்ககிட்ட இருந்திருந்தா நீங்கதான எழுதிக் குடுத்திருப்பீங்க?" "தெரியும் சார். ஸாரி சார்." நாற்பது வயதுப் பெண் திட்டு வாங்கினால் பிள்ளைகளுக்கு ஒரு சந்தோஷம், எனக்கு ஐம்பத்தொன்று, சந்தோஷம் இன்னும் கூடுதலாக இருக்கும். அவர் நடுவில் ஏதோ ஒரு பக்கத்தைப் பிரித்து, நின்றபடியே படிக்க ஆரம்பித்தார், அவரும் எலக்ட்ரானிக்ஸ்காரர் போலிருக்கிறது, உதடு அசைகிறது. ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம். பிறகு குரலைத் தாழ்த்தி, கோபமெல்லாம் போய், "நல்ல புக்கா மேடம்?" என்று கேட்டார். "நல்ல புக் சார்" என்றேன். சொன்ன பிறகுதான் சொன்னது காதில் விழுந்தது. பதினோரு நாள் யோசித்து யோசித்து எழுத முடியாத பதிலை முன்பின் தெரியாத ஒருவர் கேட்டவுடன் வாய் சொல்லிவிட்டது. "வந்தா எங்க லைப்ரரிக்கு வாங்கணும். பசங்க ஃபைனல் இயர் ப்ராஜெக்டுக்கு ஒரு புக்கும் ஒழுங்கா இல்ல. எழுதியிருக்கிறதை அப்படியே பாத்துப் போடுவானுங்க." கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார். அப்படியே பாத்துப் போடுவானுங்க.

அப்படியென்றால் என் திட்டமும் போயிற்று. அதுதான் எனக்குப் பிடித்திருந்தது, பதினோரு நாளில் எட்டு நாள் அதை வைத்துத்தான் தூங்கினேன். பயன்படும் என்று எழுதிக் கொடுத்துவிடுவது, ஏழாம் அத்தியாயத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல். அச்சாகட்டும், அட்டை போடட்டும், கல்லூரி கல்லூரியாகப் போகட்டும், பிறகு ஒரு நாள் எல்லோரும் பார்க்கிற இடத்தில் எழுதுவது, மதிப்பிற்குரிய சேஷகிரிக்குக் கழிக்கத் தெரியவில்லை என்று. எழுபது வயதுக்கு மேல் தலை குனிந்தால் பிறகு நிமிர நேரம் கிடைக்காது. எவ்வளவு இனிப்பாக இருந்தது அது. ஆனால் அச்சாவதற்கும் நான் எழுதுவதற்கும் நடுவில் எவனாவது ஒருவன் இருநூற்றுப் பதினான்காம் பக்கத்தைத் திறந்துவைத்துக்கொண்டு ஒரு பெட்டி செய்வான். அச்சான கழித்தலை யார் திரும்பக் கழித்துப் பார்க்கிறார்கள். மேசைமேல் மணி மாதிரி பேசும். ஒரு படகில் மாட்டுவார்கள். அங்கே போகாதே. தேசப்பன். போய்விட்டேன். கரை சேர்ந்த மறுநாள் பெட்டியைக் கழற்றி எடுத்துவர நானும் சேஷகிரியும் காசிமேட்டுக்குப் போனோம், பஸ்ஸில் மடியில் நோட்டை வைத்துத் திரும்பக் கணக்குப் போட்டுக்கொண்டே போனேன், ராயபுரம் பாலம் வரும்போது நாலு புள்ளி ஏழு என்னைப் பார்த்தது. உடம்பெல்லாம் வேர்த்து, காது அடைத்து, பக்கத்தில் இருந்த பூக்காரி, இன்னாமா மயக்கம் வருதா, என்று கேட்டாள். படகுக்காரர் தேசப்பன் வலைக்குவியல்மேல் உட்கார்ந்திருந்தார், உதடெல்லாம் வெடித்து, தோல் உரிந்து. "பேசிக்கினே இருந்தோம்மா. பட்டன அமுக்கி அமுக்கி இந்தக் கட்டவெரல பாரு, எப்டி வீங்கிக்கீது. நாங்க கூப்டது யாருக்குனா கேட்டுச்சா?" நான் அவர் கட்டைவிரலைப் பார்த்தேன். கூப்பிட்டது பெட்டியை விட்டு வெளியிலேயே வரவில்லை என்று சொல்லியிருக்கலாம். என் தப்பு என்று சொல்லியிருக்கலாம், சேஷகிரி பத்தடி தள்ளி நின்று யாரோடோ பேசிக்கொண்டிருந்தார், ஒருத்தருக்கும் கேட்டிருக்காது. "பேட்டரி பழசுண்ணா" என்றேன். "புது பேட்டரியா இருந்தா கேட்டிருக்கும்." அவர் முகம் விழுந்தது. பக்கத்தில் நின்ற மற்ற மூன்று பேரையும் பார்த்தார். "ஆமா, இந்தத் தபா மாத்தணும்னு நெனச்சேன், மாத்தல. எந்தப்புதான்" என்றார்.

மணி நாலே கால். தண்ணீர் குடிக்கிறேன், சூடாக இருக்கிறது. யாரிடமும் சொன்னதில்லை இதை. கருணாகரனிடம் சொன்னது வேறு கதை, அவசரப்படுத்தினார்கள், சோதிக்க நேரம் தரவில்லை, பழியை என்மேல் போட்டார்கள், ஒரு தப்பும் செய்யாத என்னை. பத்தொன்பது வருஷம் அந்தக் கதையிலேயே குடியிருந்துவிட்டேன். பஸ்ஸில் பார்த்ததைச் சேஷகிரியிடம் மட்டும் சொன்னேன், மறுநாள் காலை, கதவைச் சாத்திவிட்டு. "சார், கழித்தல்ல தப்பு பண்ணிட்டேன் சார்." அவர் என் தோளில் தட்டினார். "மனுஷங்கதானம்மா. நோட்டைக் குடு, நான் பாத்துக்கறேன். நீ போய் வேலையைப் பாரு." அந்தக் குரலில் இருந்த இதத்தை நம்பி அன்றைக்கு வயிறாரச் சாப்பிட்டேன். ஒரு வாரம் கழித்து மெமோ வந்தது. டைப் அடித்த ஒரு தாள், கீழே அவர் கையெழுத்து. எனக்கு மனப்பாடம். 11.1 - 7.4 = 4.7 என்று அலட்சியமாகக் கணக்கிட்டதன் விளைவாக. இக்கணக்கும் இதைச் சார்ந்த வடிவமைப்பும் முழுவதும் திருமதி அம்சவேணியுடையவை. இதில் வேறெவருக்கும் எவ்விதப் பங்கும் இல்லை. நோட்டு திரும்ப வரவே இல்லை, அதிலிருந்து பார்த்துத்தான் புத்தகத்தில் போட்டிருக்கிறார், என்னை எந்தத் தப்புக்காக வெளியே அனுப்பினாரோ அதையே தன் பெயரில் போட்டுக்கொண்டிருக்கிறார், அது தப்பென்பதுகூட ஞாபகமில்லாமல். மெமோ எழுதின நாளிலும் அவர் கழித்துப் பார்த்திருக்க மாட்டார், நான் சொன்னதை வைத்து எழுதியிருப்பார். அவருக்கு அது ஒரு தாள், கையெழுத்துப் போட்டு நிமிர்ந்தபோது மறந்திருக்கும். எனக்கு அது பச்சை ஃபைலில் இருக்கிறது, பத்திரமாக, பதினோரு நாளாகப் பையிலும் வருகிறது. வேறெவருக்கும் எவ்விதப் பங்கும் இல்லை. அடடா, சார், எவ்வளவு அழகாக எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள்.

ஆனால் அந்தத் தாளைக் காட்டினால் மற்ற வரியும் சேர்ந்து போகுமே. அத்தியாயம் என்னுடையது என்று சொல்லுகிற அதே தாள்தான் கணக்கும் என்னுடையது என்று சொல்கிறது. திருடிவிட்டார் என்று கத்த வேண்டுமானால், திருடியது அழுகல் என்றும் அது என் கையால் அழுகியது என்றும் சேர்த்துக் கத்த வேண்டும். கருணாகரன் கேட்பார், அப்ப இத்தனை வருஷம் சொன்னது என்று கேட்பார். துறைத்தலைவர் கேட்பார். வகுப்பில் பிள்ளைகள் கேட்க மாட்டார்கள், ஆனால் தெரிந்துகொள்வார்கள், மேமுக்குக் கழிக்கத் தெரியாதாம். இதை யோசித்துத்தான் அவர் என் பெயரைக் கொடுத்தாரோ. இல்லை, அவ்வளவு யோசிக்கிறவர் கழித்துப் பார்த்திருப்பார். பேசாமல் இல்லை என்று ஒரு டிக் போட்டுவிடலாம், காரணம், நடை கடினம், புத்தகமே வராது, கணக்கு தீர்ந்தது. வராது. மூன்றாவது அத்தியாயமும் வராது. அந்த ஒன்பது பக்கம் இந்த இருபத்தைந்து பேரில் நாலு பேருக்காவது கிடைத்திருந்தால் இப்போது கேள்வி எட்டை வெறித்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டார்கள், கேள்வி எட்டு அதே பாடம், எல்லோரும் விட்டுவிட்டு ஒன்பதுக்குப் போகிறார்கள், சுற்றி வரும்போது பார்த்துக்கொண்டுதான் வருகிறேன், நான் நடத்திய லட்சணம். அவரை ஒழிக்கிறேன் என்று இவர்கள் தலையில் கை வைக்கிறேனா. வைக்கட்டுமே, எனக்கு யார் பார்த்தார்கள். பழசுண்ணா. அப்படிச் சொல்லித்தானே பழக்கம் எனக்கு. மணி அடித்துவிட்டது. "ஸ்டாப் ரைட்டிங். எல்லாரும் பேனாவைக் கீழ வைங்க." என் குரல்தான். கட்டு கட்டினேன், எண்ணினேன், இருபத்தைந்து, திரும்ப எண்ணினேன்.

ஐந்தே காலுக்குத் துறை அறையில் ஒருவரும் இல்லை. படிவத்தைக் கணினியில் திறந்தேன். முதல் கேள்வியே நான் இத்தனை நாள் தாண்டிப் போன கேள்வி. நூலாசிரியரை உங்களுக்குத் தனிப்பட்ட முறையில் தெரியுமா, ஆம் எனில் இரண்டு வரிகளில் விளக்குக. தெரியாது என்று போட்டால் நல்லபடியாகப் பழிவாங்கலாம், தெரியும் என்று போட்டால் எழுதுவதையெல்லாம் எழுதிவிட்டுத்தான் நகர வேண்டும். ஆம் என்று போட்டேன். இரண்டு வரியில் பத்தொன்பது வருஷம் வராது என்று நினைத்தேன், வந்துவிட்டது. அவரிடம் வேலை பார்த்தேன். அவர் என்னை வெளியேற்றியதற்கான காரணம் இந்நூலின் இருநூற்றுப் பதினான்காம் பக்கத்தில் உள்ளது. பிறகு கை தானாக ஓடியது. நூல் பயன்படுமா, பயன்படும். முதல் ஆறு அத்தியாயங்களைப் போல எளிமையாக இந்தப் பாடத்தில் நான் படித்ததில்லை, எட்டு முதல் பதினொன்று வரையும் அப்படியே. ஏழாம் அத்தியாயத்தை இந்த நிலையில் அச்சிடக் கூடாது. அதன் மையக் கணக்கு தவறு, சரியான விடை 3.7, இதை நம்பிச் செய்யும் ரேடியோ, பேட்டரி இறங்கும்போது ஆபத்துச் செய்தியை அனுப்பாது. ஒரு முறை அனுப்பவில்லை. நாலு பேர் கடலில் கிடந்தார்கள். தவறு ஆசிரியருடையது அல்ல. அத்தியாயமும் அவருடையது அல்ல. இரண்டும் என்னுடையவை என்று அவரே கையெழுத்திட்ட தாளை இணைத்திருக்கிறேன். மெமோவைப் படம் எடுத்தேன், முதல் தடவை கலங்கலாக விழுந்தது, இரண்டாம் தடவை கையெழுத்தின் சுழி வரை தெரிந்தது. அனுப்பினேன். சந்தோஷமாக இருந்தது. ஒளிக்க வேண்டியதில்லை, உடம்பெல்லாம் பரவுகிற கெட்ட சந்தோஷம்தான், இதற்கு அவர் என்ன பதில் சொல்லுவார், எந்தப் பக்கம் திரும்பினாலும் அவர் கையெழுத்து நிற்குமே. அதன் அடியில் பயமும் இருந்தது, வீட்டுக்குப் போய்ச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே கருணாகரனிடம் சொல்லிவிட வேண்டும், கேட்டுவிட்டு அவர் எப்படிப் பார்ப்பார் என்று தெரியவில்லை. காசிமேட்டில் தேசப்பன் இருக்கிறாரோ இல்லையோ, அதுவும் தெரியவில்லை, ஞாயிற்றுக்கிழமை போய் விசாரித்தால் தெரியும்.

பத்து நிமிஷத்தில் நிகார் கூப்பிட்டாள். குரல் மாறியிருந்தது. "மேடம், படிச்சேன். ரெண்டு தடவை படிச்சேன். இது... ஏழாவது சாப்டரை நிறுத்திடுவோம் மேடம், அதுல சந்தேகமே இல்ல. ஆசிரியருக்கு இதை அனுப்பி ஆகணும். ஆனா நீங்க பயப்படாதீங்க, ரிவ்யூ பண்ணவங்க யாருன்னு நாங்க சொல்ல மாட்டோம். உங்க பேரு வர்ற ரெண்டு இடத்தையும் மெமோவுல உள்ளதையும் மறைச்சுட்டு அனுப்பறேன். ஒரு ரிவ்யூவர்னு மட்டும் போட்டா போதும்." ஜன்னலுக்கு வெளியே கல்லூரி பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது, அதை விட்டால் பூந்தமல்லி வரை நடக்க வேண்டும், விட்டுவிட்டேன். "மறைக்காதம்மா" என்றேன். "பேரைப் போட்டே அனுப்பு. ஒருவேளை அவருக்கு யாருன்னு பிடிபடலைன்னா, கேக்கட்டும். என் நம்பரைக் குடு."